வண்டி தண்ணீர் குடிக்காது

எங்கள் ராசிபுரத்தில் இருபது வயதைத் தாண்டிய கார் வைத்திருக்கும் யாருடைய டிக்கியைத் திறந்து பார்த்தாலும் ஐந்து லிட்டர் கேன் ஒன்று படுத்திருக்கும். பெரும்பாலும் சமையல் எண்ணெய் தீர்ந்த கேன். உள்ளே போர் தண்ணீர். "எதுக்குங்க இது?" என்று கேட்டால், "வண்டி கொஞ்சம் தண்ணி குடிக்குங்க, சார்" என்பார்கள். வீட்டு எருமையைப் பற்றிப் பேசும் அதே வாஞ்சையோடு சொல்வார்கள். வாரம் அரை லிட்டர், வெயில் காலத்தில் ஒரு லிட்டர். "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு முடிவுரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. வண்டி தண்ணீர் குடிக்காது. எந்த வயசிலும் குடிக்காது. ரேடியேட்டரில் இருப்பது மூடிய சுற்று. எஞ்சினைச் சுற்றி வந்து, சூட்டை ரேடியேட்டரில் இறக்கிவிட்டு, மறுபடி எஞ்சினுக்குள் போகும். செலவாகிற பொருளே இல்லை அது. குறைகிறது என்றால் எங்கேயோ வெளியே போகிறது, அல்லது போகக்கூடாத இடத்துக்கு உள்ளே போகிறது. மூன்றாவது வழி கிடையாது. குறைகிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது பராமரிப்பு ஆகாது. ஓட்டைப் பானையை நிரப்பிக்கொண்டே இருக்கிற வேலைதான் அது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கார் என்ற ஒன்று பிறந்த நாளிலிருந்தே வந்திருக்கிறது. 1888-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மாள், கணவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த வண்டியில் ரேடியேட்டர் இல்லை. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் அதன் குளிர்விக்கும் முறை. ஆகவே வழியெல்லாம் சத்திரம், ஓடை என்று கிடைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். அந்த வண்டி உண்மையிலேயே தண்ணீர் குடித்தது.

1900-இல் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். எட்டாயிரத்துச் சொச்சம் சின்னச் சின்னக் குழாய்கள், அவற்றின் ஊடே காற்று. அதோடு கார் தண்ணீர் குடிக்கிற காலம் முடியத் தொடங்கியது. நம் ஊரில் மட்டும் முடியவில்லை. அதற்கு அம்பாசிடர் ஒரு காரணம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம், காது குத்து எதற்கும் அம்பாசிடர்தான். பழைய அம்பாசிடர்களில் ஆவியாகி வழிகிறது போய்ச் சேர ரிசர்வ் டேங்க் கிடையாது. ஒரு குழாய் வழியாகச் சாலையில் கொட்டிவிடும். காலையில் ஓட்டுநர் முதல் வேலையாக பானெட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவார். ஏற்காட்டு மலையில் பாதி வழியில் நிறுத்தி இன்னொரு தரம் ஊற்றுவார். அந்த எஞ்சினின் அடிப்பாகமும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. எவ்வளவு கொதித்தாலும் ஆறவைத்து, ஊற்றி, ஒரு பீடி குடித்துவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடும். அப்பனிடமிருந்து மகன், ஓட்டுநரிடமிருந்து கிளீனர் என்று அந்தப் பழக்கம் வந்துவிட்டது. வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

மாருதி 800-இல் ஹெட் அலுமினியம். இன்று ஓடுகிற ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் அப்படித்தான். சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடாகி, ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று ஏறும்போது ஹெட் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தால் போதும், இடையில் இருக்கிற கேஸ்கெட் பிடிப்பை விட்டுவிடும். மெக்கானிக் "ஹெட் பெண்டாயிடுச்சு, கேஸ்கெட் அடிச்சிருச்சு" என்று சொல்வது இதைத்தான். அம்பாசிடர் மன்னித்ததை இந்த வண்டி மன்னிக்காது.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைப்போலவே ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய 800. அண்ணிக்கு வாரம் இரண்டு முறை சேலத்தில் டயாலிசிஸ். பஸ்ஸில் போய்வர முடியாது. போகும்போதாவது பரவாயில்லை, முடித்துவிட்டு வரும்போது நிற்கவே தெம்பு இருக்காது. வாடகைக் காருக்கு வாரம் இரண்டு தடவை கொடுத்துக் கட்டுப்படி ஆகாது. ஆக, அந்தக் கார் அவர்கள் வீட்டில் ஆடம்பரப் பொருள் இல்லை. மருந்துப் பெட்டி மாதிரி.

போன சித்திரையில் அந்த வண்டி தண்ணீர் "குடிக்க" ஆரம்பித்தது. அண்ணன் ஒழுங்கான மனிதர். வழக்கமான பட்டறையில் இரண்டு தரம் காட்டினார். இரண்டு தரமும் காலை நேரம், எஞ்சின் ஆறிக் கிடக்கிறது. கீழே குனிந்து பார்த்துவிட்டு, "லீக்கெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, டாப் அப் பண்ணிக்கங்க, போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் கேனை வைத்துக்கொண்டு ஓட்டினார். வைகாசியில் ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வரும்போது, மல்லூர் தாண்டி வண்டி இழுக்கவில்லை. பிறகு டக் டக்கென்று சத்தம். பிறகு நின்றுவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஓரம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, அண்ணி பின் சீட்டில் படுத்திருக்கிறார். எனக்கு போன் வந்து, நான் இன்னொரு வண்டி பிடித்துக்கொண்டு ஆண்டகளூர் கேட் வழியாகப் போய்ச் சேர்வதற்கு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு லாரிக்காரர் நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி நிழல் போட்டுக் கொடுத்திருந்தார். பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "மீட்டர் நார்மல்தான் காட்டுச்சு வாத்தியாரே. நான் பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

அவர் சொன்னது பொய் இல்லை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த விஷயத்தை யாருமே சொல்லிக் கொடுப்பதில்லை. சூடு காட்டுகிற மீட்டரின் சென்சார் தண்ணீரில் முழுகி இருக்கும் வரைதான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் காற்றையும் கொஞ்சம் ஆவியையும் அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். முள் நடுவில் நிற்கும், சில சமயம் கீழே கூட இறங்கும். எஞ்சினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். ரேடியேட்டர் ஃபேனைப் போடுகிற சுவிட்சுக்கும் இதே கதிதான். அதுவும் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத்தான் ஃபேனைப் போடும். தண்ணீர் இல்லையென்றால் ஃபேனும் ஓடாமல் போகலாம். ஆக, தண்ணீர் சுத்தமாகத் தீர்ந்த வண்டி, கொஞ்சம் குறைந்த வண்டியைவிட நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால், ஏறினால் பயப்படுவது மாதிரியே பயப்பட வேண்டும்.

ரிசர்வ் டேங்க்கும் இதேபோல ஏமாற்றும். எல்லோரும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்துவிட்டு "கோடு வரைக்கும் இருக்கே" என்று திருப்தி ஆகிவிடுகிறார்கள். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் சுருங்கி, டப்பாவிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். சுற்றில் எங்கேயாவது ஓட்டை இருந்தால், அது தண்ணீருக்குப் பதில் அந்த ஓட்டை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். காலையில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்ப்பதுதான் கணக்கு.

அண்ணன் வண்டியில் ஓட்டை இருந்தது ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், கிளாம்புக்கு அடியில். ஆறின எஞ்சினில் அழுத்தம் கிடையாது, ரப்பர் இறுகி மூடிக்கொண்டிருக்கும். ஓடிச் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால்தான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். சொட்டுகிற தண்ணீரும் சூட்டில் அப்போதே ஆவியாகிவிடும், தரையில் ஈரம்கூட இருக்காது. காலையில் குனிந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அழுத்தம் கொடுத்துப் பார்த்திருக்கலாம். ரேடியேட்டர் வாயில் மாட்டி, சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் கையால் அடிக்கிற சின்ன பம்ப் ஒன்று இருக்கிறது. மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் முள்ளைப் பார்த்தால் போதும். இறங்கினால் ஓட்டை. எஞ்சினை ஓட்டவே வேண்டாம், எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். லாரி கூண்டு கட்டுவதில் இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய மாவட்டம் இது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாடு வரை போய் போர் போடுகிறது. இங்கே ஒவ்வொரு பட்டறையிலும் அந்தப் பம்ப் இருக்க வேண்டாமா? விலையும் பெரிய விலை இல்லை.

ஹோஸின் விலை இருநூற்றைம்பது ரூபாய். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு, கேஸ்கெட் மாற்றி, ஆயில் மாற்றி, கூலியும் சேர்த்து அவருக்கு ஆன செலவு பதினெட்டாயிரம். அதற்குப் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் மூன்று டயாலிசிஸ், மூன்று வாடகைக் கார். பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "அப்பா, அதை எடைக்குப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்" என்றான். தப்பாகச் சொல்லவில்லை, பாசத்தில்தான் சொன்னான். ஆனால் பென்ஷனில் இருப்பவர் எந்த வேறு வண்டியை வாங்குவார்? இன்னொருவர் கழித்துவிட்ட பழைய வண்டியைத்தான். அதன் ஹோஸ் எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பழைய வண்டி வைத்திருப்பதே குற்றம் என்கிற மாதிரி இப்போது ஒரு காற்று வீசுகிறது. டெல்லியில் பத்து வருஷம் ஆன டீசல் வண்டிக்கும் பதினைந்து வருஷம் ஆன பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்து நாளாகிவிட்டது. இங்கே பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். புகை கக்குகிற வண்டியைச் சாலையிலிருந்து எடுக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயசை வைத்து வண்டியை எடை போடுவதும், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் யாரும் குனிந்து அடியில் பார்ப்பதில்லை. (முழங்கால் வலி என்று போனால் டாக்டரும் இதையேதான் சொல்கிறார். "உங்க வயசுக்கு இருக்கும் சார்." எனக்கு இரண்டு முழங்காலுக்கும் ஒரே வயசுதான், ஒன்றுதான் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.)

"வெயில் அப்படி, வண்டி என்ன பண்ணும்?" என்றும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேடியேட்டர் இறக்கி விடுகிற சூடு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95 டிகிரி, மார்கழியில் காற்று 30 என்றால் வித்தியாசம் 65. சித்திரையில் காற்று 40 என்றால் 55. ரேடியேட்டரின் திறமையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் குறைகிறது. அதைத் தாங்குகிற மாதிரிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். வெயிலில் கொதிக்கிற வண்டியில் ஏற்கெனவே வேறு ஏதோ கோளாறு இருக்கிறது. வெயில் அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோளாறுகளில் யாரும் சந்தேகப்படாதது ரேடியேட்டர் மூடி. பார்க்கச் சாதாரண தகர மூடி. உண்மையில் அது குக்கரின் வெயிட் மாதிரி. குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகக் காரணம் என்ன? அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கிற சூடு ஏறும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் 0.9 பார் ஏறும் வரை திறக்காது என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து பிளந்துவிட்டால் இந்த லாபம் முழுக்கப் போய்விடும். அப்புறம் கொல்லிமலை ஏறினால் என்ன ஆகும்? எழுபது கொண்டை ஊசி வளைவு, முதல் கியரும் இரண்டாவது கியரும்தான், முன்னால் இருந்து வீசுகிற காற்றும் கிடையாது. மேலே ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரிக்கே கொதித்துவிடும். ஓடுகிற எஞ்சினில் தண்ணீர் சாதாரணமாகவே 90-ஐத் தாண்டித்தான் இருக்கும். மிச்சம் இருக்கிற இடைவெளி ஐந்தாறு டிகிரி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடி நினைவுதான் வரும். சில நூறு ரூபாய்ச் சாமான் அது.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் தெரியும். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதே பொருக்கு எஞ்சினுக்குள்ளும் தட்டும். ஒரு மில்லிமீட்டர் உப்புப் படிவு, சூட்டைத் தடுப்பதில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமான இரும்புக்குச் சமம். போதாததற்கு அதில் உள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும். வாரம் ஒரு லிட்டர் என்று வருஷம் ஐம்பது லிட்டர் போர் தண்ணீரை ஊற்றினால் அந்த ஐம்பது லிட்டரின் உப்பும் உள்ளே போகும். ஓட்டைக்காக ஊற்றுகிற தண்ணீரே புது ஓட்டை போடுகிறது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதோடு பாதிக்குப் பாதி கூலண்ட். நம் ஊரில் பனி உறையாது, அப்புறம் எதற்குக் கூலண்ட் என்பவர்கள் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை ஏற்றுவதும் துருப்பிடிக்காமல் காப்பதும் நமக்கு வேண்டிய வேலைகள். அந்தத் துருத் தடுப்பு மருந்து இரண்டு மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும், நிறம் பச்சையாகவே இருந்தாலும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கடாசுகிற வைத்தியம் ஒன்று உண்டு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று மெக்கானிக் அதைக் கையில் கொடுத்துவிடுவார். வண்டி கொஞ்ச நாள் சூடாகாது, உண்மைதான். ஆனால் எஞ்சின் தன் சூட்டுக்கு வருவதற்குள் ஊரே தாண்டிவிடும், பெட்ரோல் கூடப் பிடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். அடைத்துப்போன ரேடியேட்டரோ கசிகிற ஹோஸோ அப்படியே இருக்கும். காய்ச்சல் தெரியக் கூடாது என்று தெர்மாமீட்டரை உடைக்கிற கதை.

மஞ்சள் தூள் வைத்தியத்தை மட்டும் நான் முழுக்கத் திட்ட மாட்டேன். பழைய லாரி ஓட்டுநர்களுக்குத் தெரியும். ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை என்றால் இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டுவார்கள். தூள் தண்ணீரோடு சுற்றி வந்து ஓட்டையில் சிக்கி, ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். நடு ராத்திரி, அடுத்த பட்டறை நாற்பது கிலோமீட்டர் என்றால் செய்யலாம். ஊர் வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் வடித்துக் கழுவி ஓட்டையைப் பற்ற வைத்துவிட வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு ஆறு மாசம் ஓட்டினால், நல்ல குழாய்களையும் அந்த மஞ்சள் அடைத்துவிடும். ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது.

வழியில் சூடாகிவிட்டால் என்ன செய்வது என்று அண்ணன் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். ஏ.சி. ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை, அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை இறக்கும். "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்ற நினைப்பு வேண்டவே வேண்டாம், ஹெட் வளைவது அந்த நாலு கிலோமீட்டரில்தான். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. உடனே மூடியைத் திறக்கப் பார்க்கிறார்கள். மூடிக்கு அடியில் 110, 115 டிகிரியில் இருக்கிற தண்ணீர் அழுத்தத்தினால்தான் தண்ணீராகவே இருக்கிறது. திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து மேலே பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடிகிற சூட்டுக்கு வந்த பிறகு, தடித்த துணியைப் போட்டு முதல் கட்டம் வரை திருகி, உஸ்ஸென்று சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, அப்புறம் திறக்கலாம். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடும். காய்ந்த தோசைக்கல்லை வேண்டுமானால் அப்படிச் சோதித்துப் பார்க்கலாம், எஞ்சினை வேண்டாம்.

ஆறின பிறகு ஆயில் ஊற்றுகிற மூடியையும் ஒரு தரம் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் வாயைத் திறந்து வைத்து எஞ்சினைப் போட்டால் குமிழி வந்துகொண்டே இருப்பதும், பின்னால் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் கேஸ்கெட் போனதற்கு அடையாளம். அப்படி இருந்தால் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வரவே கூடாது, கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். இழுவைக் கூலி எஞ்சின் விலையைவிடக் குறைவு.

கடைசியாக ஒன்று. இது வண்டிக்காரர்கள் மட்டும் படிப்பதற்காக இல்லை. கூலண்ட்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். விஷம். ருசியோ இனிப்பு. பட்டறைகளில் பழைய கூலண்ட்டை அப்படியே வாசலில் வடித்து விடுகிறார்கள், பச்சை நிறத்தில் குட்டையாகத் தேங்கி நிற்கும். நாயும் ஆடும் வந்து நக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும் அது. வீட்டில் மிச்சக் கூலண்ட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேரன் பேத்திகள் லீவுக்கு வருகிற வீடு. அதற்கென்று வந்த கேனிலேயே வைத்து, மேலே "விஷம்" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, பரண் மேல் வையுங்கள். அண்ணன் வீட்டில் நானே மார்க்கர் பேனாவில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அவர் வண்டி இப்போது சேலத்துக்கு வாரம் இரண்டு தரம் போய் வருகிறது. ஞாயிறு காலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்கிறார். "குறையலை வாத்தியாரே."

அந்த ஐந்து லிட்டர் கேனில் இப்போது அண்ணி செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.